சுவருக்கு நடுவே இடைவெளி எதற்கு? கொங்கு நாட்டு வீடுகளை முன்வைத்து ஒரு விளக்கம்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் பகுதிகளில் வீடு கட்டத் தொடங்குவோரிடம் இப்போது அடிக்கடி சொல்லப்படும் யோசனை, "கேவிட்டி சுவர் வைத்துக் கட்டுங்கள், வீடு சூடேறாது" என்பது. இதைச் சொல்பவர்களில் சிலர், செங்கல்லை விளிம்பில் நிறுத்தி உள்ளே வெற்றறைகள் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு எனப்படும் ரேட் ட்ராப் பாண்டை மனத்தில் வைத்திருக்கிறார்கள். சிலர் உள்ளே பள்ளம் விட்ட கான்கிரீட் கல்லான ஹாலோ பிளாக் சுவரையே அப்படிச் சொல்கிறார்கள். இரண்டு தனிச் சுவர்களை இடைவெளி விட்டு எழுப்பும் உண்மையான கேவிட்டி சுவரை, அதாவது இடைவெளிச் சுவரைக் குறிப்பவர்கள் மிகச் சிலர். தடாகம் பள்ளத்தாக்கில் இயங்கிவந்த செங்கல் சூளைகள் 2021-இல் மூடப்பட்ட பிறகு, செங்கல்லை மிச்சப்படுத்துவதும் வீட்டைக் குளிர்விப்பதும் ஒரே பேச்சில் கலந்துவிட்டன. மூன்று முறைகளிலும் சுவருக்குள் காற்று அடைபட்டிருப்பது உண்மைதான். ஆனால் அந்தக் காற்று ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவில்தான் பயன்படுகிறது. எனவே இடைவெளி எதைச் செய்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்பது நல்லது.

இடைவெளிச் சுவரின் உறுப்புகள்

வழக்கமான 9 இஞ்ச் சுவரில் கற்கள் நெடுக்கும் குறுக்குமாகப் பின்னி, வெளிமுகத்திலிருந்து உள்முகம் வரை ஒரே உடம்பாக நிற்கின்றன. இடைவெளிச் சுவர் அப்படியல்ல. அதன் உறுப்புகள் இவை:

1. வெளி அடுக்கு: பெரும்பாலும் நாலரை இஞ்ச் செங்கல் சுவர். மழையையும் வெயிலையும் முதலில் வாங்குவது இதுவே.

2. இடைவெளி: வழக்கமாக 50 முதல் 75 மி.மீ. வரை, அதாவது 2 முதல் 3 இஞ்ச்.

3. உள் அடுக்கு: செங்கல்லாகவோ பிளாக்காகவோ இருக்கலாம். தூண் இல்லாத, சுவரே சுமை தாங்கும் கட்டடங்களில் தளத்தின் பாரம் பொதுவாக இந்த அடுக்கின் மேல்தான் இறங்குகிறது.

4. இணைப்புக் கம்பிகள்: இரண்டு அடுக்குகளையும் பிடித்து நிறுத்தும் உலோகத் துண்டுகள். தனியாக நின்றால் காற்றின் விசையில் ஆடக்கூடிய இரண்டு மெல்லிய சுவர்களை இவை சேர்ந்து நிற்க வைக்கின்றன.

5. வடிதுளைகள்: வெளி அடுக்கின் அடிவரிசையிலும் ஜன்னல், கதவு லிண்டல்களுக்கு மேலும் விடப்படும் சிறு திறப்புகள். இடைவெளிக்குள் இறங்கிய நீர் இவற்றின் வழியே வெளியேற வேண்டும்.

நாலரையும் இரண்டும் நாலரையும் சேர்ந்து 11 இஞ்ச் ஆகிறது. 9 இஞ்ச் சுவருக்குப் பிடிக்கும் அதே அளவு செங்கல் இதற்கும் பிடிக்கும்; கம்பியும் கூடுதல் கூலியும் மேற்செலவு. ஆகவே முழுமையான இடைவெளிச் சுவர் கல்லை மிச்சப்படுத்தும் முறை என்று யாராவது சொன்னால், அவர் வேறொன்றைப் பற்றிப் பேசுகிறார்.

முதல் வேலை: நீரின் பாதையை அறுப்பது

இந்த முறை பரவியது வெப்ப நாட்டில் அல்ல, மழையும் காற்றும் ஓயாத பிரிட்டனில். 19-ஆம் நூற்றாண்டில் அங்கு தோன்றி, 1920-களுக்குப் பிறகு சாதாரண வீடுகளுக்கும் வழக்கமானது. அப்போது அதன் நோக்கம் ஒன்றுதான்: காற்றோடு அடிக்கும் மழை, சுவர் வழியே உள்ளே வராமல் தடுப்பது. வெப்பக் காப்புக்காக இடைவெளியில் பொருள்களை நிரப்புவது 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னரே பெருகியது.

செங்கல் நீரை உறிஞ்சும். 24 மணி நேரம் நீரில் ஊறவைத்தால் தன் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சக் கூடாது என்பதே சாதாரண வகைச் செங்கல்லுக்கு இந்தியத் தரநிலை ஐஎஸ் 1077 வைத்திருக்கும் வரம்பு. மூன்று கிலோ எடையுள்ள ஒரு கல், தரம் குறையாமலேயே அரை லிட்டருக்கு மேல் நீரைத் தாங்கி நிற்கலாம் என்பது இதன் பொருள். கல்லிலும் கலவையிலும் உள்ள நுண்துளைகள், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அந்த நீரைத் தம் போக்கில் இழுத்துச் செல்கின்றன. முழுச் சுவரில் கல்லும் கலவையும் தொடர்ந்து இருப்பதால் பாதை எங்கும் அறுபடுவதில்லை. மழை தொடர்ந்து இரண்டு மூன்று நாள் அடித்தால் உட்பூச்சில் ஓதம் தெரிகிறது. காய்ந்தபின் அவ்விடத்தில் உப்புப் பூத்துப் பெயிண்ட் உரிகிறது.

நம் பழைய வீடுகள் இதைத் தடிமனால் சமாளித்தன. ஒன்றரை அடி, இரண்டடி கனமுள்ள மண் சுவர் மழையைக் குடிக்கும். உள்முகத்தை எட்டும் முன் மழை நின்று வெயில் வந்துவிடும். குடித்த நீர் வந்த வழியே ஆவியாகிப் போகும். அத்துடன் ஓட்டுக் கூரையின் இறக்கம் சுவரை விட்டு நன்றாக வெளியே நீண்டு, மழை சுவரைத் தொடுவதையே குறைத்தது. இன்றைய வீட்டில் சுவர் மெலிந்துவிட்டது, கூரை இறக்கமும் இல்லை. மாடியிலிருந்து அடிவரை மேற்குச் சுவர் திறந்து கிடக்கிறது. சுவரை மெலிதாக்கியதைவிட, இறக்கத்தை விட்டதே பெரிய இழப்பு என்பது என் கருத்து.

இடைவெளிச் சுவர் நீரை வேறு வகையில் எதிர்கொள்கிறது. வெளி அடுக்கு நனையும் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. நனைந்த அடுக்கின் உள்முகத்தை அடைந்த நீருக்கு அதற்கு மேல் தாவ வழியில்லை, ஏனெனில் நுண்துளை இழுவை வெற்றிடத்தைக் கடக்காது. நீர் அந்த முகத்திலேயே கீழே வழிந்து, வடிதுளை வழியாக வெளியேறுகிறது. உள் அடுக்கு காய்ந்தே இருக்கிறது.

இரண்டாவது வேலை: வெப்பத்தைத் தாமதிப்பதும் குறைப்பதும்

அசையாத காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். செங்கல்லோடு ஒப்பிட்டால் அதன் கடத்துதிறன் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. இதை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 2 இஞ்ச் காற்று, 5 அடிச் செங்கல் சுவருக்குச் சமம் என்று வரும். விளம்பரங்களில் வரும் பெரிய வாக்குறுதிகள் இப்படிப்பட்ட கணக்கிலிருந்து பிறப்பவை. அது தவறான கணக்கு. காரணங்கள் இரண்டு:

1. இடைவெளியில் உள்ள காற்று அசையாமல் இருப்பதில்லை. சூடான முகத்தை ஒட்டி மேலே ஏறி, குளிர்ந்த முகத்தை ஒட்டிக் கீழே இறங்கி, வெப்பத்தைச் சுமந்துகொண்டு சுற்றுகிறது. அதனால் ஏறக்குறைய 25 மி.மீ.-க்கு மேல் இடைவெளியை எவ்வளவு அகலப்படுத்தினாலும் வெப்பத் தடை பெரிதாகக் கூடுவதில்லை.

2. சூடான செங்கல் முகம் எதிர்முகத்தை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீச்சாக வீசுகிறது. இதற்குக் காற்று ஒரு தடையே அல்ல. இடைவெளியைக் கடக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு இந்த வழியில்தான் போகிறது. இடைவெளிக்குள் ஒரு முகத்தில் அலுமினியத் தாள் ஒட்டினால் தடை இரு மடங்குக்கும் மேல் உயர்வது இதனால்தான்.

சரியான ஒப்பீட்டுக்கு வெப்பக் கடப்பு எண்ணைப் பார்க்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் சுவருக்கு இருபுறமும் ஒரு பாகை வெப்பநிலை வேறுபாடு இருக்கும்போது எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதே அந்த எண். அது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. இருபுறமும் பூசிய 9 இஞ்ச் செங்கல் சுவருக்கு அது சுமார் 2. அதே கற்களை இரண்டு அடுக்காகப் பிரித்து நடுவே 2 இஞ்ச் இடைவெளி விட்டால் சுமார் 1.45. அதாவது கால் பங்குக்குச் சற்றே மேல் குறைகிறது. 12 அடி நீளம், 10 அடி உயரமுள்ள மேற்குச் சுவர் ஒன்றில், வெயிலின் விளைவையும் சேர்த்து வெளிப்புறம் உள்ளறையைவிட 15 பாகை சூடாக இருப்பதாகக் கொண்டால், முழுச் சுவர் வழியே சுமார் 330 வாட் உள்ளே வரும் இடத்தில் இடைவெளிச் சுவர் வழியே சுமார் 240 வாட் வரும். பயன் உண்மையானது, அற்புதம் ஒன்றும் இல்லை.

இடைவெளியில் 2 இஞ்ச் தெர்மோகோல் பலகை வைத்தால் எண் 0.5 அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் இடைவெளி முழுவதையும் அடைத்துவிட்டால் நீர் தாவுவதற்கான வாய்ப்பை நாமே உருவாக்குகிறோம். மழை அதிகம் படும் இடங்களில் பலகையை உள் அடுக்கோடு ஒட்டி நிறுத்தி, அதற்கும் வெளி அடுக்குக்கும் நடுவே வெற்றிடத்தைக் காப்பாற்றுவது பாதுகாப்பானது.

வெப்பத்தில் இன்னொரு கூறும் உண்டு, அது தாமதம். பிற்பகல் மூன்று மணிக்கு மேற்குச் சுவரின் வெளிமுகத்தில் விழும் வெயில், 9 இஞ்ச் செங்கல்லைக் கடந்து உள்முகத்தில் உச்சமாக வெளிப்படச் சில மணி நேரம் ஆகிறது. சித்திரை, வைகாசியில் இரவு பத்து மணிக்குக் கட்டில் ஒட்டிய சுவர் சுடுவதற்கு இதுவே காரணம். இடைவெளி அந்த உச்சத்தைத் தள்ளிப்போடவும் செய்கிறது, அதன் உயரத்தைக் குறைக்கவும் செய்கிறது.

கொங்கு நாட்டில் எந்தச் சுவருக்கு?

வீடு முழுவதையும் இடைவெளிச் சுவராகக் கட்ட வேண்டிய தேவை இங்கு அரிது. எந்தத் திசை என்பதைக் கதிரவனும் காற்றும் தீர்மானிக்கின்றன.

கோவை ஏறத்தாழ 11 பாகை வட அட்சக்கோட்டில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நண்பகல் கதிரவன் நம் உச்சந்தலைக்கு மேல் வந்து, அதன்பின் ஆகஸ்டு பிற்பகுதி வரை உச்சிப் பொழுதில் சற்றே வடக்கே சாய்ந்து நிற்கிறது. ஆகையால் அக்னி நட்சத்திர நாள்களில் தெற்குச் சுவரில் நேர் வெயில் அனேகமாக விழுவதில்லை. வடக்குச் சுவரில் விழுவதும் சாய்வாகவே விழுகிறது, அதைச் சன்ஷேடே தடுத்துவிடும். கிழக்கும் மேற்கும்தான் நேராக வாங்குகின்றன. காலையில் காற்றும் தரையும் குளிர்ந்திருப்பதால் கிழக்கு வெயில் பொறுக்கத்தக்கது. பிற்பகலில் எல்லாமே சூடேறிய பின் தாழ்ந்து வரும் மேற்கு வெயிலைச் சன்ஷேடு தடுக்காது.

அடுத்தது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று இரைந்துகொண்டு வருகிறது. பல்லடம், உடுமலை வட்டாரத்தில் காற்றாலைகள் நிறைந்திருப்பதற்கும் அதுதான் காரணம். மலையைத் தாண்டுவதற்குள் பெரும்பகுதி மழையைக் கேரளத்திலேயே இறக்கிவிட்டாலும், வாளையாறு, மதுக்கரை, பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கங்களில் அந்தக் காற்றோடு சாரல் கலந்து வருகிறது. கனமழையைவிடக் காற்றோடு நாள் முழுதும் அடிக்கும் சாரல்தான் சுவருக்குள் நீரை ஆழமாகச் செலுத்தும்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கணவாயை ஒட்டிய ஊர்களில் ஒரு தெளிவான முடிவு கிடைக்கிறது: சித்திரையில் வெயில் தாக்குவதும் ஆனி, ஆடியில் சாரல் தாக்குவதும் ஒரே மேற்குச் சுவரைத்தான். அந்த ஒரு சுவரை மட்டும் இடைவெளிச் சுவராகக் கட்டுவது, செலவழித்த பணத்துக்கு இரண்டு வகையிலும் பலன் தரும்.

ஊருக்கு ஊர் கணக்கு மாறும். வால்பாறை போன்ற மலையூரில் நீரைத் தடுப்பதே முதற்காரணம். அங்கு வெப்பம் ஒரு பொருட்டல்ல. கரூர் மாவட்டத்தின் க. பரமத்தி, கோடையில் மாநிலத்தின் உச்ச வெப்பநிலை பதிவாகும் இடங்களுள் ஒன்று. ஈரோடும் 40 பாகையைத் தாண்டுவது வழக்கம். அங்கெல்லாம் சாரல் குறைவு. வெப்பத்துக்காக மட்டுமே யோசிக்க வேண்டும். வெப்பம் மட்டுமே கவலை என்றால், 8 இஞ்ச் ஏஏசி பிளாக் (நுண்காற்றறைகள் நிறைந்த, எடை குறைந்த கான்கிரீட் கல்) சுவர் ஒற்றைச் சுவராகவே 0.8 அளவு எண்ணைத் தந்துவிடுகிறது; இரட்டைச் செங்கல் சுவரின் 1.45-ஐ விட இது மேல். இதை மறைத்து இடைவெளிச் சுவரைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது.

எந்த ஊரானாலும் மொட்டைமாடியைக் கவனிக்காமல் சுவருக்குச் செலவழிப்பது முறை மாறிய செயல். 5 இஞ்ச் கான்கிரீட் தளத்தின் வெப்பக் கடப்பு எண் 3-க்கு மேல். குடியிருப்புகளுக்காக 2018-இல் வந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற ஆற்றல் சிக்கன விதித்தொகுப்பு, கூரைக்கு 1.2-ஐ உச்ச வரம்பாக வைக்கிறது. நண்பகலில் மிக அதிக வெயிலை வாங்குவது கூரை. முதல் பணம் அங்கே போக வேண்டும்.

எலிப்பொறிக் கட்டும் ஹாலோ பிளாக்கும்

எலிப்பொறிக் கட்டில் செங்கல்லைப் படுக்கையாக வைக்காமல், விளிம்பில் நிறுத்தி வைக்கிறார்கள். இரண்டு நெடுக்குக் கற்கள் இருமுகமும் நிற்க, குறுக்கே ஒரு கல் அவற்றைக் கட்டுகிறது. நடுவில் சுமார் 3 இஞ்ச் வெற்றறைகள் உண்டாகின்றன. சுவரின் மொத்தக் கனம் 9 இஞ்ச்தான். பர்மிங்காமில் 1917-இல் பிறந்து, பிற்காலத்தில் திருவனந்தபுரத்தில் குடியேறிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், கேரளத்தில் இதைப் பரப்பினார். 1000 கல் பிடிக்கும் இடத்தில் சுமார் 750 போதும்; கலவையும் கணிசமாக மிஞ்சும். குறுக்குக் கற்கள் இரு முகங்களையும் பிணைப்பதால் சுமையும் தாங்கும். செங்கல் விலை ஏறிய காலத்தில் இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

ஆனால் அதே குறுக்குக் கற்கள் நீருக்கும் வெப்பத்துக்கும் பாலமாகின்றன. காற்றறைகள் இருந்தாலும் வெப்பக் கடப்பு எண் தோராயமாக 1.8-க்குத்தான் இறங்கும். சாரல் அடிக்கும் மேற்கு முகத்தில் எலிப்பொறிச் சுவரைப் பூசாமல் விட்டால் ஓதம் வரக்கூடும். இதில் நாட்டுச் செங்கல்லை விட அளவு ஒத்த சேம்பர் கல் (சேம்பர் சூளையில் சுட்ட செங்கல்) நன்றாக அமையும்; கல்லுக்குக் கல் நீளம் மாறினால் அறைகள் ஒழுங்காக வாரா.

ஹாலோ பிளாக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அதன் பள்ளங்களுக்கு நடுவே திண்ணமான கான்கிரீட் குறுக்குச் சுவர்கள் உள்ளன. கான்கிரீட் செங்கல்லைவிட வேகமாக வெப்பத்தைக் கடத்தும். 8 இஞ்ச் ஹாலோ பிளாக் சுவர், 9 இஞ்ச் செங்கல் சுவரைவிடக் குளிர்ச்சியானது என்பதற்கு அடிப்படை இல்லை. விரைவும் விலையுமே அதன் சிறப்பு.

இடைவெளி கெட்டுப்போகும் இடங்கள்

இடைவெளிச் சுவரின் பலன் முழுவதும் அந்த வெற்றிடம் அடிமுதல் முடிவரை தடையின்றி இருப்பதைப் பொறுத்தது. வெளியே பார்த்தால் தெரியாத இடத்தில் பிழை நேர்வதால், கட்டும்போதே கவனித்தாக வேண்டும்.

1. கலவைக் கட்டிகள். கொத்தனார் கல் வைக்கும்போது பிதுங்கும் கலவை இடைவெளிக்குள் விழுந்து, இணைப்புக் கம்பியின் மேல் தங்கி இறுகிவிடும். அந்த ஒரு கட்டி போதும், வெளி ஈரம் உள்ளே தாவ. முழுச் சுவரில் பரவலாக வரும் ஓதம் இங்கே வட்டத் திட்டாக வரும். தடுக்க எளிய வழி உண்டு. இடைவெளியின் அகலத்துக்கு ஒரு பலகையைக் கயிற்றில் கட்டி உள்ளே தொங்கவிட்டு, ஒவ்வொரு கம்பி வரிசைக்கு முன்பும் மேலே தூக்கி, விழுந்த கலவையை வழித்துவிட வேண்டும். அடிவரிசையில் சில கற்களை வைக்காமல் விட்டு, அன்றன்றைய வேலை முடிந்ததும் கழிவை வெளியே எடுத்து, கடைசியில் அந்த ஓட்டைகளை அடைக்கலாம்.

2. கம்பிகளின் தரமும் சாய்வும். கம்பிக்குக் கம்பி படுக்கைவாட்டில் 900 மி.மீ., நெட்டுவாட்டில் 450 மி.மீ. தூரம் விடுவது பரவலான வழக்கம். வரிசைக்கு வரிசை இடம் மாற்றி வைக்க வேண்டும். கதவு, ஜன்னல் ஓரங்களில் நெருக்கமாக வைக்க வேண்டும். கம்பி வெளிப்பக்கமாகச் சற்றே தாழ்ந்து, நடுவில் நீர் சொட்டும்படி ஒரு வளைவு கொண்டிருக்க வேண்டும். உள்பக்கம் தாழ்ந்தால் நீரை நாமே அழைத்துக்கொடுக்கிறோம். துருப்பிடிக்காத எஃகைத் தவிர வேறெதையும் ஏற்காமல் இருப்பது நல்லது. பிரிட்டனில் பழைய கம்பிகள் துருப்பிடித்து வெளி அடுக்குகள் பிதுங்கிய அனுபவத்துக்குப் பின், 1981-இல் துத்தநாகப் பூச்சின் கனத்தைக் கூட்டும்படி தரநிலையையே திருத்தினார்கள். மிஞ்சிய சென்ட்ரிங் கம்பியை வெட்டி வைக்கும் வழக்கத்தை எவ்வகையிலும் அனுமதிக்கக் கூடாது.

3. லிண்டலும் தூணும் உத்தரமும். இங்கே அனேகமாக எல்லா வீடும் தூண் வைத்துக் கட்டப்படுகிறது. 9 இஞ்ச் தூணும் முழு அகல லிண்டலும் வெளிமுகத்தையும் உள்முகத்தையும் நேரடியாக இணைத்துவிடுகின்றன. லிண்டலுக்கு மேல், உள் அடுக்கிலிருந்து வெளி அடுக்குக்குச் சரியும்படி நீர்புகாத் தாள் பதித்து, அதற்கு மேல் வடிதுளைகள் விட வேண்டும். தூண்களை உள் அடுக்கின் வரிசையில் அமைத்து, வெளி அடுக்கு அவற்றைச் சுற்றித் தொடர்ந்து ஓடும்படி வரைபட நிலையிலேயே பொறியாளர் திட்டமிட முடியும். கட்டத் தொடங்கிய பிறகு முடியாது.

4. அடிப்பகுதி. நிலத்து ஈரம் மேலேறாமல் தடுக்கும் பட்டை இரு அடுக்குகளுக்கும் தனித்தனியாக வேண்டும். இடைவெளி அந்தப் பட்டைக்குக் கீழே குறைந்தது 150 மி.மீ. இறங்கியிருந்தால், தப்பி விழுந்த கலவை அங்கே தங்கினாலும் ஈரம் தாவாது.

5. உச்சி. மாடிக் கைப்பிடிச் சுவரின் தலையை நீர்புகாமல் மூடாவிட்டால், மழை நேராக இடைவெளிக்குள் இறங்கும்.

6. உயிரினங்கள். கரையான் கண்ணில் படாமல் மேலேறுவதற்கு மூடிய இடைவெளி வசதியான வழி. அடித்தளத்தில் கரையான் மருந்து அடிப்பதும் வடிதுளைகளில் நுண் வலை பொருத்துவதும் கட்டாயம். வலை இல்லாத துளை தேளுக்கும் பல்லிக்கும் இருப்பிடமாகும்.

7. கரிசல் நிலம். பல்லடம், சூலூர், உடுமலைப் பகுதிகளின் கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கும். அடித்தளம் அசைந்தால் நாலரை இஞ்ச் அடுக்கு 9 இஞ்ச் சுவரைவிட எளிதில் வெடிக்கும். அங்கே மண்ணுக்கேற்ற அடித்தளம் அமையாதவரை இந்தச் சுவரைப் பற்றிப் பேசுவதே வீண்.

மின் குழாய்க்குக் காடி எடுக்கும் வேலையை உள் அடுக்கில் மட்டும், ஆழம் குறைவாகச் செய்ய வேண்டும். எலிப்பொறிச் சுவரில் நிறுத்தி வைத்த கல்லின் கனம் 3 இஞ்ச் மட்டுமே என்பதால், குழாய்களைச் சுவர் எழும்பும்போதே உள்ளறைகளில் இறக்கிவிடுவது நல்லது. வாட்டர் ஹீட்டர், கனமான அலமாரி மாட்டும் இடங்களை முன்பே குறித்துக்கொண்டு, எலிப்பொறிச் சுவரில் அந்த அறைகளை மட்டும் கான்கிரீட்டால் நிரப்பலாம். இடைவெளிச் சுவரில் அப்படி நிரப்பினால் அதுவே ஈரத்துக்குப் பாலமாகும் என்பதால், மாட்டும் சுமையை உள் அடுக்கே தாங்கும்படி அந்த இடத்தில் முழுக் கல் வைத்துக் கட்ட வேண்டும். பல ஆண்டு கழித்துப் பெயிண்ட் அடிக்க வருபவருக்கு வடிதுளைகள் பூச்சில் விடுபட்ட ஓட்டைகளாகவே தெரியும். அவர் பட்டி வைத்து அடைத்துவிட்டால் இடைவெளியில் இறங்கும் நீருக்குப் போக்கிடம் இருக்காது. ஆகவே துளைகள் இருக்கும் இடங்களைக் குறித்த சுவர் வரைபடம் ஒன்று வீட்டுப் பத்திரங்களோடு சேர்ந்து இருக்க வேண்டும்.